மூன்று பேர் கோஷ்டி

கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜன்னலோர மேசையில் தினமும் ஒன்றாகச் சாப்பிடும் மூன்று பெண்களைப் பற்றி என்னிடம் சொல்லிவைத்தார்கள். அது ஒரு கோஷ்டியாம், வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளாதாம்.

ஒருவர் யாழ்ப்பாணத்துக் கணக்காளர். இன்னொருவர் தெல்தெனியவிலிருந்து வரும் சிங்களப் பெண். நடுவில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர், அலவத்துகொடை முஸ்லிம் பெண். நான் கலஹாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தேயிலைத் தோட்டத்துப் பெண். அங்கே எனக்கென்று யாரும் இல்லை.

அவர்கள் மேசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டிய கதிரை மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு அதில் உட்காரப் போனேன்.

"தங்கச்சி, அதில இருக்காதேங்கோ. குறை நினைக்க வேண்டாம்" என்றார் கணக்காளர்.

குரலில் கடுமை இல்லை. ஆனாலும் பெட்டியோடு என் மேசைக்கே திரும்பிவிட்டேன். தோட்டத்துக்காரி என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளரின் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் திரும்பாத அன்று, அந்த எண்ணம் உறுதியானது.

பிறகு ஒரு மழை நாள். மத்தியானமே இருட்டி, கரண்டும் போய்விட்டது. மற்ற மேசைகளில் பேச்சு நிற்கவில்லை. அந்த மேசை மட்டும் அமைதியாகிவிட்டது. கணக்காளர் போன் விளக்கைப் போட்டார். சாப்பாட்டுக்கு மேலே பிடிப்பார் என்று பார்த்தால், தன் முகத்தில் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அடுத்து விளக்கு தெல்தெனியப் பெண்ணின் கைக்குப் போனது. அவரும் தன் முகத்தில் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அவர்கள் உதடுகளையே பார்த்திருந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்.

அவருக்குக் காது கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் நிழலாகிவிடும், உதடு தெரியாது. இரண்டு மொழிகளை உதட்டில் வாசிக்கிறவரை நான் முன்பு கண்டதில்லை. கர்வக்காரிகள் என்ற பேரை வாங்கிக்கொண்டும் வாயைத் திறக்காத மற்ற இருவரைப் போன்றவர்களையும் கண்டதில்லை.

மறுநாள் வெளிச்சம் படும்படி அவர் முன்னால் போய் நின்று, நானும் இங்கே சாப்பிடலாமா என்று நிதானமாகக் கேட்டேன்.

"விளங்கிட்டா?" என்று கேட்டார் அவர்.

"விளங்கிருச்சு."

கணக்காளர் எழுந்து, தன் பக்கத்தில் எனக்கொரு கதிரை இழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து, அலுவலகம் அவர்களுக்கு வைத்திருக்கும் பேரைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்குக் கோபமே வரவில்லை. சொற்கள் என்றால் அவருக்கு உயிர். வடமொழியில் 'கோ' என்றால் மாடு, மாடுகள் சேர்ந்து நிற்கும் தொழுவத்தின் பேரிலிருந்து வந்த சொல் அது என்றார். பிறகு மனிதர்கள் கூடியிருந்து பேசுவதற்கு அந்தப் பேர் வந்ததாம். பஜனை பாடுகிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் கோஷ்டி ஆனார்களாம். சண்டை பிடிக்கிறவர்களும் ஆட்களை ஒதுக்குகிறவர்களும் அந்தப் பேரை எடுத்தது பிந்தித்தானாம்.

"கூடி இருந்து கதைக்கிறதுக்கு வந்த சொல்லு. எனக்கும் அதுதானே வேணும்" என்றார்.

சென்ற வருடம் அவரே மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்திருந்தார், போகவில்லை. காதுக்குக் கருவியும் வாங்கினார். இப்போது நான் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிடுகிறேன். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். மின்விசிறி காதுக்குள் இரைகிறது என்று, சாப்பிடும்போது கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுகிறார். நாங்களும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை.