மனு ஃபைல்ல அடிச்ச இங்கிலாந்து சட்டம்

டைப் அடிச்சுப் பொழைக்கறவங்களுக்கு ஊர் கஷ்டமெல்லாம் விரல் வழியா உள்ள போயி முதுகுல தங்கிடும். என்ன மாதிரி ஜாப் டைப்பிங் கடை வச்சு குந்திக்கினு இருக்கறவங்க இதப் படிச்சா, "ஆமாம்மா, எனக்குந்தான்"னு இடுப்பப் புடிச்சுக்குவீங்க. மரக்காணம் பஸ் ஸ்டாண்டாண்ட முப்பது வருஷமா மனு அடிச்சவ நான். ரேஷன் கார்டு, பட்டா, புருஷன் காணாம போனது, காணாம போன புருஷன் திரும்பி வந்துட்டது, எல்லாத்துக்கும் மனு. அதுக்கு நடுவுல ரெண்டு வருஷம், 2004லேர்ந்து 2006 வரைக்கும், இங்கிலாந்து ராஜாங்க காலத்து சட்டத்தையும் அடிச்சேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களாவது நம்புங்க.

வாதி யாரு?

சகாயமேரி ஒரு கட்டுப் பேப்பரோட வந்து நின்னா. உப்பளத்துல வேல செய்யற அந்தோணியம்மா பொண்ணு. பாண்டிச்சேரியில ஒரு காலேஜுல சட்டம் சொல்லித் தர்றா, ஆனா தற்காலிக வேல. டாக்டர் பட்டம் வாங்குனாத்தான் நிரந்தரம். அவ நிரந்தரமானாத்தான் அவங்க அம்மா உப்பளத்த வுட்டு ஏறுவேன்னு சொல்லிட்டாங்களாம். அந்தோணியம்மா காலப் பாத்தீங்கன்னா தெரியும். உப்புத் தண்ணியில நின்னு நின்னு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும்.

நான் பழக்க தோஷத்துல, "வாதி யாரு, பிரதிவாதி யாரு?"ன்னு கேட்டேன். "கேஸ் இல்ல ஆயா, ஆராய்ச்சி. இங்கிலாந்துல காமன் லா எப்படி வளந்துச்சுன்னு. அங்க ரொம்ப காலம் சட்டத்த யாரும் உக்காந்து எழுதல. ஜனங்க வழக்கத்தப் பாத்து, முன்னாடி சொன்ன தீர்ப்பப் பாத்து, ஜட்ஜுங்க வாயாலயே வளத்தது"ன்னா. கூலி உயர்வு மனுவுக்காகக் குந்தியிருந்த உப்பளத்து வேலு சிரிச்சுட்டான். "எழுதாத சட்டமா? அப்ப எங்க மேஸ்திரி வாயத் தொறந்தா வர்றதெல்லாம் காமன் லாதான்!"

பழசத் தொறந்து மேல அடி

கம்ப்யூட்டர் வந்த கதைய இங்கயே சொல்லிடறேன். என் டைப்ரைட்டர மருமவதான் தூக்கி மூலையில வச்சா. நல்ல மெஷினுங்க, என் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது, ஒரு எழுத்து மட்டும் மேல தூக்கிக்கினு நிக்கும். அந்தக் கதை கெடக்கட்டும். கம்ப்யூட்டர்ல புது ஃபைல் தொறக்க எனக்கு வராது. பழைய மனு ஒண்ணத் தொறந்து, உள்ள இருக்கறத அழிச்சுட்டு, மேல அடிச்சு வேற பேர்ல சேவ் பண்ணிடுவேன். என்னா ஒண்ணு, மனுவோட கடைசியில ஒரு கட்டம் இருக்கும், எடது கை பெருவிரல் ரேகை வைக்க. அது அழியாம ஒட்டிக்கினு வந்துடும்.

மேரியோட மொத அத்தியாயத்துலயும் வந்துடுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அந்தப் பொண்ணு கோவப்படல. பென்சிலால அடிச்சுட்டு சொல்லுச்சு: "இதத்தான் ஆயா நான் எரநூறு பக்கம் எழுதியிருக்கறேன். பழைய தீர்ப்பத் தொறப்பாங்க, மேல அடிப்பாங்க, அடியில ஏதாவது ஒண்ணு ஒட்டிக்கினே வரும்."

தலையாட்டற ஜனங்க

மூணாவது அத்தியாயம் பாஷையப் பத்தி. அந்தக் காலத்துல இங்கிலாந்து கோர்ட்டுல வக்கீலுங்க பிரெஞ்சுல பேசுவாங்களாம், எழுதறது லத்தீனாம். கேஸ் போட்ட குடியானவனுக்கு ரெண்டுமே தெரியாதாம். எனக்கு அடிக்க அடிக்கப் பாவமா இருந்துச்சு. நான் டைப்பிங்ல ஹையர் பரீட்ச பாஸ் பண்ணவ, எந்த பாஷையா இருந்தாலும் எழுத்தப் பாத்து அடிச்சுடுவேன். அர்த்தம் கேக்காதீங்க.

பிரம்மதேசத்துலேர்ந்து ஒரு பெரியவரு வரப்புத் தகராறு கேஸுக்காக திண்டிவனம் கோர்ட்டுக்கு நடந்துக்கினு இருந்தாரு. அன்னிக்கும் வாய்தா வாங்கிக்கினு வந்து, பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல என் கடையில குந்தியிருந்தாரு. அவருகிட்ட இதச் சொன்னேன். துண்ட மடிச்சுத் தோள்ல போட்டாரு. அப்புறம் சொன்னாரு: "அப்ப ஒண்ணும் புரியாம தலைய தலைய ஆட்டிட்டு வர்ற ஆளு நான் மட்டும் இல்ல. வெள்ளக்காரனும் ஆட்டியிருக்கறான்."

முள்ளு போடற நாள்

கடைசி அத்தியாயத்துலதான் நம்ம ஊரு வருது. குடியிருப்புலேர்ந்து உப்பளத்துக்குப் பொம்பளைங்க ஒருத்தரு நெலத்து வழியாத்தான் நடந்து போறாங்க. பத்திரம் கெடையாது, பாதைன்னு எங்கயும் எழுதல. நெலத்துக்காரரு மோசமானவரு இல்ல, நல்லது கெட்டதுக்கு வந்து நிப்பாரு. ஆனா பொங்கல் முடிஞ்சு உப்பு வேல தொடங்கற அன்னிக்கு மட்டும், வழிய மறிச்சு ஒரு கட்டு முள்ளு போடுவாரு. மறுநாள் எடுத்துடுவாரு. அவங்க அப்பா போட்டாராம், அதனால இவரும் போடறாரு.

மேரி அதக் கேட்டுட்டு துள்ளிக் குதிச்சா. இங்கிலாந்துலயும் நெலத்துக்காரங்க வருஷத்துல ஒரு நாள் வழிய அடைப்பாங்களாம். யாரும் நடக்காத ஒரு நாள் இருந்தாப் போதும், வழக்கம் அந்துபோச்சுன்னு சொல்லிடலாமாம். அதனால அவங்க அம்மாவையே சாட்சியா குந்த வச்சு, என் கடையிலயே கேள்வி கேட்டா. "எத்தினி நாளா அந்த வழியா போறீங்க?" "எங்க மாமியா காலத்துலேர்ந்து." "முள்ளு போடற அன்னிக்கு?" "தள்ளி வுட்டுட்டுப் போவோம். வேல கெட்டுப் போவாதா?" இங்கிலாந்துல ஆயிரத்து நூத்தி எண்பத்தொம்பதுல பட்டத்துக்கு வந்த ராஜாவுக்கும் முந்தின பழக்கமா இருந்தாத்தான் வழக்கம்னு சேத்துக்குவாங்கன்னு மேரி சொன்னா. அந்தோணியம்மா என்னப் பாத்துச்சு. "எக்கா, அந்த ராஜாவுக்கு எங்க மாமியாவத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுலேர்ந்து கணக்கு வச்சிருப்பான்."

எண்ணூறு வருஷம் பழசு

அந்த 2004 டிசம்பர்ல கடல் உள்ள வந்துச்சு. அதப் பத்தி நான் என்னா சொல்றது, உங்களுக்கே தெரியும். எக்கியார்குப்பத்துலேர்ந்து, பக்கத்துக் குப்பத்துலேர்ந்து எல்லாம் கடை வாசல்ல ஜனம். படகு போச்சு, வலை போச்சு, கார்டு போச்சு. என்னா போச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டு ரோட்டப் பாத்துக்கினு நிக்கறவங்க. மாசக் கணக்குல நிவாரண மனுவத் தவிர நான் வேற எதையும் தொடல.

மேரிக்கு யுனிவர்சிட்டியில ஏற்கெனவே கெடு முடிஞ்சு, ஒரே ஒரு தடவ நீட்டிக் குடுத்திருந்தாங்க. நாள் போய்க்கினே இருந்துச்சு. ஒரு நாள் வந்தா. மேசையில அவ கட்டு தூசி புடிச்சுக் கெடந்துச்சு. நான் எந்திரிச்சு, "இப்பவே அடிச்சுத் தர்றேம்மா"ன்னேன். அவ பேனாவ எடுத்து வரிசையில மொத ஆளுகிட்ட பேரு கேட்டுக்கினே சொன்னா: "என்னுது எண்ணூறு வருஷம் பழசு ஆயா, காத்துக்கினு இருக்கும். இவங்களப் பாப்போம்."

காலியா வுடக்கூடாது

அப்புறம் 2006. நாளைக்குக் கெடுன்னா, மொத நாளு காலையில மேரி அவ ஆராய்ச்சிய பைண்டு பண்ண நாலு புஸ்தகத்தோட வர்றா, மூஞ்சி வெளுத்துப்போயி. மத்த எல்லா அத்தியாயத்துலயும் நான் வுட்ட கட்டத்த அவ பென்சிலால அடிச்சு எடுத்துட்டா. கடைசி அத்தியாயம் அவசரத்துல அடிச்சது, ரெண்டு பேருமே பாக்கல. நாலு புஸ்தகத்துலயும் கடைசிப் பக்கத்துல, இங்கிலீஷ் முடிஞ்சு, சுத்தமா ஒரு பெருவிரல் கட்டம்! பைண்டரு ஏதோ சாவுக்கு ஊருக்குப் போயிட்டான். வெள்ளப் பேப்பர் ஒட்டலாமான்னேன். ஒட்டுனா திருத்துன பக்கம்னு ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்களாம். அஞ்சாறு வருஷத்துப் படிப்பு, என் ஒரு கட்டத்துனால போவுதேன்னு அழுதுட்டேன்.

உப்பளத்துலேர்ந்து நேரா வந்த அந்தோணியம்மா எட்டிப் பாத்துச்சு. "இதுல யாரு சொன்னது எழுதியிருக்குது?" மேரி, "நீ சொன்னதுதாம்மா, வழியப் பத்தி"ன்னா. அந்தோணியம்மா என் மைப்பெட்டிய இழுத்து, வெடிச்ச கட்டவிரல நாலு புஸ்தகத்துலயும் அழுத்தி வச்சுது. ரேகை எங்க வுழுந்துச்சு, வெடிப்புதான் வுழுந்துச்சு. மேரி பொத்துனு நாற்காலியில குந்தினா. அப்புறம் பேனாவ எடுத்து, கட்டத்துக்குக் கீழ 'சாட்சி'ன்னு இங்கிலீஷ்ல எழுதினா. அவங்க அம்மா விரல முந்தானையில தொடச்சுக்கினு சொல்லுச்சு: "கட்டம் போட்டுட்டு காலியா வுட்டாத்தான்டீ மனுவத் தள்ளுவான்."

ஆர்டர் வந்த அன்னிக்கு

தள்ளல. கேள்வி கேக்க வந்த புரொபசரு கடைசிப் பக்கத்தத் தொறந்து வச்சுக்கினு ரொம்ப நேரம் பாத்தாராம். யாரு ரேகைன்னு கேட்டாராம். மேரி சொன்னாளாம். வேற கேள்வியே கேக்கலையாம். பட்டம் வந்துச்சு, வேலை நிரந்தர ஆர்டரும் வந்துச்சு. அத எடுத்துக்கினு மேரி நேரா என் கடைக்கு வந்துட்டா, அவங்க அம்மாவுக்குப் புதுச் செருப்போட. வேலைக்குப் போவறத இன்னியோட நிறுத்தணும்னா.

அந்தோணியம்மா செருப்பப் போட்டு ரெண்டு அடி நடந்து பாத்துச்சு. "வேலைய வுட்டுட்டேன், போ. ஆனா பொங்கல் முடிஞ்சு முள்ளு போடற அன்னிக்கு மட்டும் நான் போயி தள்ளிவுட்டு நடந்துட்டு வந்துடுவேன். ஒரு நாள் நடக்கலைன்னாலும் அந்துபோயிடும்னு நீதான எழுதி வச்சிருக்கற?"

முப்பது வருஷத்துல நான் அடிச்ச மனுவுல, கேட்டது கேட்டபடி முழுசா கெடச்சது இது ஒண்ணுதான்; அதுவும் மனு இல்ல.