போறன் எண்டு சொல்லாத வகுப்பு

ஸ்போக்கன் இங்கிலிஷ் படிப்பிக்கிறவளுக்கு வெள்ளவத்தையிலை ஒரு நாளும் ஆள் குறையாது. படிச்சு முடிச்ச ஆக்கள்தான் ஒருத்தரும் இஞ்சை நிக்கிறேல்லை.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையிலை ஒரு தையல் கடைக்கு மேல்மாடிதான் என்ர பள்ளிக்கூடம். கீழை கடலோரத் தண்டவாளத்திலை கோச்சி போனால் நான் வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும், அது தாண்டினாப்பிறகுதான் பாடம். லண்டனிலை கட்டின மனிசன் இருக்கிற பொம்பிளையள்தான் கூட வருவினம். சோதினை பாஸ் பண்ணினால்தான் விசா. வந்த ஆக்களைப் போகப் பழக்கிறதுதான் என்ர தொழில் எண்டு வையுங்கோவன். உங்களிலையும் ஆராவது இப்பிடிப் படிப்பிச்சிருந்தால், இல்லாட்டில் கட்டுநாயக்கா எயார்போட்டிலை கண்ணாடிக்கு இஞ்சாலை நிண்டு கைகாட்டியிருந்தால், நான் சொல்லப்போறது விளங்கும்.

ரெண்டே எழுத்து

முதல் நாள் நான் தொடங்கிறது 'கோ' எண்ட சொல்லோடை. ஜீ, ஓ. ரெண்டே எழுத்து. எழுதத் தெரியாத ஆளும் இல்லை, கருத்துத் தெரியாத ஆளும் இல்லை. ஒரு துணிவு வரட்டுமெண்டுதான். வகுப்பு முடிய, வீட்டை போகேக்கை எனக்கு இங்கிலிஷிலை சொல்லிப்போட்டுப் போங்கோ எண்டு கேப்பன். அங்கைதான் வில்லங்கம். முழு வகுப்பும் எழும்பி நிண்டு, "ஐ கோ அண்ட் கம், மிஸ்" எண்டு சொல்லும்.

பிழை சொல்லேலாது. போறன் எண்டு சொன்னதுக்குச் சின்னனிலை வாயிலை அடி வாங்காதவை எங்களிலை ஆர் இருக்கினம்? முன்கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் எங்களுக்குப் போயிட்டு வாறன்தான். ஆனால் சோதினைக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமே? இங்கிலிஷ்காரன் போனால் போறான், வாறதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லுறேல்லை, இப்பிடிச் சொன்னால் புள்ளியை வெட்டுவாங்கள் எண்டு தொண்டை வறளச் சொன்னன். கடைசி வாங்கிலை நிர்மலா இருந்தா. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸிலை வாறவ, ரெண்டு பிள்ளையின்ர தாய், வகுப்பிலை அதிகம் வாய் திறக்காத ஆள். அண்டைக்கு மெல்லமாக் கேட்டா: "வாறன் எண்டு சொல்லாமல் வெளிக்கிட்டால், வீட்டிலை இருக்கிறவைக்கு எப்பிடி மிஸ் சோறு இறங்கும்?"

சந்தியிலை நிக்கிற ஓட்டோ

ஒழுங்கைச் சந்தியிலை ஓட்டோ வைச்சிருக்கிற பியசேன அய்யேதான் மழை நாளிலை என்னை வீட்டை கொண்டுபோய் விடுறது. ஒரு நாள் வழியிலை சிங்களத்திலை இந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. சிங்களத்திலையும் அப்பிடித்தானே, 'கிஹில்லா என்னங்', போயிட்டு வாறன் எண்டுதானே நாங்களும் சொல்லுறது எண்டார்.

அவரின்ர மகள் இத்தாலியிலை ஒரு வீட்டிலை வயசான ஒரு மனுசியைப் பாத்துக்கொண்டு இருக்கிறாளாம். அவளும் கிஹில்லா என்னங் எண்டுதான் போனவள். அதுக்குப் பிறகு தாயின்ர செத்த வீட்டுக்கும் வரக் கிடைக்கேல்லை. இதைச் சொல்லிப்போட்டு முன்னாலை போன பஸ்ஸை விலத்தினார். பிறகு கண்ணாடியிலை என்னைப் பாத்து, தனக்குத் தெரிஞ்ச தமிழிலை கேட்டார்: "இங்கிலீஸ்காரனுக்குத் திரும்பி வர வீடு இல்லையா, மிஸ்?"

இரவல் சொல்

இறந்தகாலம் படிப்பிக்கிற நாள் எண்டால் எனக்குத் தலையிடி. வோக், வோக்ட் எண்டு போய்க்கொண்டிருக்கேக்கை ஒருத்தி, அப்ப கோவுக்குக் கோட் தானே மிஸ் எண்டு கேட்டாள். நியாயமான கேள்விதான். பழைய பெரிய அகராதி ஒண்டு என்னட்டை இருக்கு, அதிலை பாத்ததைச் சொன்னன். கோவுக்கும் ஒரு காலத்திலை சொந்தமாக ஒரு இறந்தகாலம் இருந்ததாம். அது எப்பவோ வழக்கிலை இல்லாமல் போச்சு. பாதையிலை திரும்பித் திரும்பிப் போறதுக்கு 'வெண்ட்' எண்டு, கடைசியிலை டீ (D) எழுத்து வாற இன்னொரு சொல் இருந்தது. அதின்ர இறந்தகாலம், கடைசியிலை ரீ (T) எழுத்து வாற 'வென்ட்'. அதை இரவல் வாங்கி இதுக்குப் போட்டுவிட்டினம்.

தமிழிலை போறன், போனன் எண்டு எப்பிடித் திருப்பினாலும் போ எண்டது அப்பிடியே முன்னுக்கு நிக்கும். இதிலை பாருங்கோ, ஜீயும் இல்லை, ஓவும் இல்லை, போனாப்பிறகு பழைய எழுத்து ஒண்டும் மிஞ்சேல்லை எண்டு பலகையிலை எழுதிக் காட்டினன். எல்லாரும் சிரிச்சினம். நிர்மலா மட்டும் பலகையையே பாத்துக்கொண்டு இருந்தா. அவவின்ர மனிசன் ஜூட் லண்டனுக்குப் போகேக்கை மூத்த பெடியன் நேர்சரி, இளையவள் வயித்துக்குள்ளை. அதுக்குப் பிறகு அந்த மனிசன் ஊர்ப்பக்கம் வரேல்லை, அங்கை விசா இல்லாமல் இருந்ததாலை வந்திருக்கவும் ஏலாது. நிர்மலா சொன்னா: "எங்கட ஆளும் அப்பிடித்தான் மிஸ். போகேக்கை இருந்த மனிசனை வீடியோ கோலிலை தேடிப் பாக்கிறன், காணேல்லை."

பதினெட்டு

ஜூட்டுக்கு ஒருமாதிரி விசா சரிவந்தது. பெண்சாதியையும் ரெண்டு பிள்ளையளையும் லண்டனுக்கு எடுக்கலாம், நிர்மலா இங்கிலிஷ் சோதினை பாஸ் பண்ணவேணும். அதோடை இன்னொரு இடி. மூத்தவன் டிலக்சனுக்கு ஆவணியிலை பதினெட்டு முடியுது. அதுக்கு முதல் தாய் பாஸ் பண்ணி எல்லாருக்கும் ஒண்டாக விசாவுக்குப் போடாவிட்டால் அவனை விட்டிட்டுத்தான் போகவேணும்.

இந்த விசா அலுவலெல்லாம் பாத்துக்குடுக்கிற ஒருத்தர் எங்கட ஒழுங்கையிலையே இருக்கிறார். நானும் நிர்மலாவோடை போனன். ஏதாவது வழி இருக்கோ, ஒரு மாசம் முன்னை பின்னை பாக்கமாட்டினமோ எண்டு வக்கீல் மாதிரி நானே கேட்டன். மனிசனிலை பிழையில்லை, தினம் தினம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஆள். தேத்தண்ணியை வைச்சிட்டுச் சொன்னார்: "அக்கா, பதினெட்டு முடிஞ்சால் தாய்க்குத்தான் அவன் பிள்ளை, அவங்களுக்கு வளர்ந்த ஆம்பிளை."

சோதினை

அந்த மாசம் முழுக்க எனக்கு நிர்மலாதான் வகுப்பு. தனியாக இருத்தி, சந்தைக்குப் போறது, டொக்டரிட்டைப் போறது, எல்லாம் கதைக்கப் பழக்கினன். வடிவாகக் கதைச்சா. கோ அண்ட் கம் கூட நிண்டுபோச்சு. பாஸ்தான் எண்டு வாயாலை சொல்லிப்போட்டன், ஆர் கண் பட்டுதோ தெரியாது.

சோதினை எடுத்த வெள்ளைக்காரி முதல் கேட்டது குடும்பத்தைப் பற்றி. அதை நாங்கள் எத்தினை தரம் சொல்லிப் பாத்தனாங்கள்! மனிசனைப் பற்றிச் சொன்னா, மகளைப் பற்றிச் சொன்னா. அதோடை சரி, வாய் கட்டிப்போச்சு. வெள்ளைக்காரி தண்ணி குடுத்தும் ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த திகதி கிடைச்சது டிலக்சன்ர பிறந்தநாள் முடிஞ்சாப்பிறகு. எனக்கு வந்த கோவத்துக்கு ஆரைப் பேசிறதெண்டே தெரியேல்லை. அவவைப் பேச மனம் வருமே? படியிலை இருந்துகொண்டு அவ சொன்னது இதுதான்: "எல்லாம் பாடமாத்தான் இருந்தது மிஸ், மகன்ர பேரைச் சொல்ல வெளிக்கிட்டவுடனை எல்லாம் போயிட்டுது."

படியிலை

இரண்டாம் தரம் நிர்மலா பாஸ். நல்ல புள்ளி. இப்ப ஏன் நல்ல புள்ளி எண்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தான் போகேல்லை எண்டுதான் நிண்டவ. டிலக்சன்தான் விடேல்லையாம். தங்கச்சி இன்னும் அப்பாவை நேரிலை காணேல்லை, அவளுக்காக எண்டாலும் போங்கோ, நான் மட்டக்குளியிலை சின்னம்மாவோடை இருக்கிறன் எண்டானாம்.

போறதுக்கு முதல் நாள் கேக் கொண்டு வகுப்புக்கு வந்தினம், தாயும் மகனும். பெடியன் நல்ல உயரம், தாயின்ர பையைத் தோளிலை போட்டுக்கொண்டு வாசல்படியிலை நிண்டான். கேக் சாப்பிட்டு முடிய எல்லாரும் எழும்பி நிண்டம். எங்கட வகுப்பு வழக்கம், வெளிக்கிடுற ஆள் முதல் சொல்லவேணும், பிறகு நாங்கள் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுவம். நிர்மலா வாயைத் திறந்தா, சொல்லு வரேல்லை. போறன் எண்டு சொல்ல நா எழும்பாது. வாறன் எண்டு சொல்லலாம்தான். ஆனால் பெடியன் பக்கத்திலை நிக்கிறான், எப்ப வருவன் எண்டு அவவுக்கே தெரியாது, பிள்ளைக்கு முன்னாலை எப்பிடிப் பொய் சொல்லுறது? கோச்சி ஒண்டு வந்து போச்சு. நல்ல காலம், அந்தச் சத்தத்துக்குள்ளை நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டன். சத்தம் அடங்க, டிலக்சன் தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னான்: "அம்மா, கோ அண்ட் கம் எண்டு சொல்லுங்கோ. பிழையெண்டாலும் பரவாயில்லை."

சோதினையிலை அது இப்பவும் பிழைதான், என்ர வகுப்பிலை மட்டும் அதுக்குப் புள்ளி வெட்டுறேல்லை.