கடிதமா, கரும்பலகையா?

சம்பளமில்லாத வேலைகளிலேயே அதிகம் திட்டு வாங்கித் தருவது சங்கச் செயலாளர் வேலைதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. ஆண்களுக்குக் காற்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து, திட்டு எனக்கு.

திங்கட்கிழமை வந்த அழைப்பு

கையெல்லாம் சைக்ளோஸ்டைல் மை அப்பிக்கொள்ள, ஒவ்வோர் உறுப்பினருக்கும் கடிதம் அனுப்புவேன். அது தோட்ட ஆபீசில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே கணக்கெழுதும் கிராணி எடுத்துக் கொடுத்தால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும். ஒருமுறை ஞாயிற்றுக் கூட்டத்துக்கான அழைப்பு பலருக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக் கிராணி. கடிதத்தைக் குறை சொன்னால் அவருக்கு ஆகாது. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி சொன்னார்:

“கடிதத்திலை பிழை இல்லை தம்பி, ஞாயிற்றுக்கிழமைதான் அவசரப்பட்டு வந்திட்டுது.”

ஒட்டுக்கடைப் பலகை

முச்சந்தியில் டீ விற்கும் ஒட்டுக்கடையில் ஒரு கரும்பலகையை மாட்டி, சாக்பீஸைக் கயிற்றில் கட்டிவிட்டேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘ஞாயிறு மாலை கூட்டம்’ என்று எழுதிவிட்டு நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள், கீழே ‘மீ கோரேங் உண்டா?’ என்று வறுத்த நூடுல்ஸ் கேட்டு ஒரு கேள்வி. அதற்கும் கீழே ‘வெறும் பிஸ்கட்னா வரல’. இத்தனை வருடக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் மட்டும் முறைத்தார்:

“எல்லாம் எழுதுறானுங்கலா, ஒருத்தனும் டீ வாங்க மாட்றான்.”

பூட்டிய மண்டபம்

ஒரு வாரம் பையன்கள் பலகையிலேயே பேசி, ஞாயிற்றுக் கூட்டத்தைச் சனிக்கு மாற்றிக்கொண்டார்கள். வந்தவர்கள் கைதூக்கி, அதுவரை இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவாக இருந்த திடல் முழுவதையும் காற்பந்துக்கே ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் அந்த வழியே போனால், வலைப்பந்துப் பெண்கள் ஞாயிறு என்று போட்ட என் கடிதத்தோடு, கூட்டம் நடக்கும் மண்டபம் பூட்டிக் கிடக்க, அதன் முன் நிற்கிறார்கள். லோரி பிடித்து வந்திருந்தார்கள். விளையாட அவர்களுக்கு வேறு இடமே கிடையாது. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையில் போட்டிருந்ததே என்று முனகினேன். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பரமேஸ்வரிதான் அவர்களுக்குக் கேப்டன். அவள் சொன்னாள்:

“ஒட்டுக்கடையில பொம்பளைங்க நின்னு பலகை படிச்சா, சாயங்காலம் லயம் பூரா எங்களப் பத்தித்தாண்ணே படிக்கும்.”

ஆயாக்கொட்டகைப் பலகை

இரண்டாவது பலகையை ஆயாக்கொட்டகையில் மாட்டினோம். கடிதமும் போகும், இரண்டு பலகையிலும் பேசாமல் எதுவும் மாறாது என்று தலைவரிடம் பரமேஸ்வரி ஒப்புதல் வாங்கிவிட்டாள். இங்கே எழுதியதை அங்கே எழுத, கப்சாய் மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் நான். ‘திடல் சின்னது’ என்று ஒட்டுக்கடை எழுதியது. ‘உங்க மனசு அதவிடச் சின்னது’ என்று ஆயாக்கொட்டகை பதில் எழுதியது. அதைச் சுமந்துபோய் எழுதிய எனக்குத்தான் அடி விழப் பார்த்தது.

அடுத்த கூட்டத்தில் உட்கார இடமில்லை. திடலில் பாதி வலைப்பந்துக்குத் திரும்பி வந்தது. பெண்கள் கைதட்டியபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு பதவி விலகுகிறேன் என்று எழுந்தேன். பரமேஸ்வரி விடவில்லை:

“அண்ணனே இருக்கட்டும்லா, ரெண்டு பலகையும் படிச்ச ஒரே ஆளு இவருதான்.”

கடிதமா பலகையா என்று கேட்பவர்களுக்கு இன்றும் நான் சொல்வது, இரண்டும் வேண்டும், செயலாளர் மட்டும் வேறு யாராவதாக இருக்க வேண்டும்.