கூடத்தில் ஓர் இலை

சேஷனின் வலத்தோளை முடமாக்கியவன் நான். டிராம் அல்ல... நான்தான்!

நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். உன் இரக்கத்துக்காக இதை எழுதவில்லை.

சேஷன் என் மனைவியின் அண்ணன். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. நான் டாக்டர். என் மாமனாரின் சிராத்தத்தன்று, அவனுடைய பவானிபூர் வீட்டில், எல்லோருக்கும் கூடத்தில் இலை போட்டவன், எனக்கு மட்டும் நடையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டான்.

"பொணம் அறுத்த கை, மாப்பிள்ளை. தப்பா எடுத்துக்காதேங்கோ" என்றான். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கிய காலம் அது. அந்த மழைக்காலத்திலேயே சேஷன் டிராமிலிருந்து வழுக்கி விழுந்து, தோள் மூட்டு விலகி, அதே கையிடம் வந்து சேர்ந்தான்.

அக்குளின் ஆழத்தில் ஒரு நரம்பு கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வருகிறது. தோள் மூட்டுக்கும், கையை உயர்த்தும் தசைக்கும், அதன் மேல்தோலுக்கும் அதுவே கிளை அனுப்புகிறது. ஆகவே தோலில் ஊசியால் குத்தினால் நரம்பின் நிலை தெரிந்துவிடும். குத்தினேன். "வலிக்கறது" என்று முனகினான். நரம்பு நன்றாக இருந்தது!

மயக்க மருந்து கொடுத்து மெல்ல இழுத்திருக்க வேண்டும். கொடுத்தேனா? குதிகாலை அவன் அக்குளில் ஊன்றி, நடையில் கிடந்த இலையை நினைத்துக்கொண்டே இழுத்தேன்... மூட்டு ஏறிவிட்டது. நான் விடவில்லை. இன்னொரு முறை இழுத்தேன்.

மறுபடி ஊசி. "தெரியலையே... மரத்துப்போச்சு" என்றான்.

"விழுந்ததிலேயே நரம்பு போயிடுத்து" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! வீடே நம்பியது.

தசை வற்றித் தோள் கூம்பியது. கை பக்கவாட்டில் எழவே இல்லை. அடுத்த சிராத்தத்தில், பித்ருக்களுக்குச் செய்யும்போது மாற்ற வேண்டிய பூணூலை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்ற அவனால் முடியவில்லை. சாஸ்திரிகள் காத்திருந்தார். நடையில் நின்ற என்னை அவனே கூப்பிட்டான்.

"நீங்களே மாத்தி விடுங்கோ, மாப்பிள்ளை."

அவன் கையைத் தூக்கி மாற்றினேன். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "அன்னிக்கு மொதல்ல ஊசி குத்தினேளே, நன்னா வலிச்சுதே. நரம்பு போனா வலிக்குமோ?"

"சில பேருக்கு வலிக்கும்" என்றேன்.

தலையாட்டினான். தெரிந்து கேட்டானா, தெரியாமலா... இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று என் இலை கூடத்தில், அவன் பக்கத்தில். வருஷா வருஷம் அங்கேதான் போடச் சொல்கிறான். அவனை நான் இன்னும் வெறுக்கிறேன். நடையில் உட்கார்ந்தபோதாவது சோறு தொண்டையில் இறங்கியது.