கழுவிக் கொடுத்த பாட்டில்

என் வீட்டுக்காரருக்குக் கழுவுகிற வியாதி உண்டு. அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். ஒரு வண்டி முடிந்ததும் ஸ்பிரே துப்பாக்கியைக் கழற்றித் தின்னரில் கழுவுவார். மறுநாள் காலை, யாருமே தொடாத அதே துப்பாக்கியை மறுபடியும் கழுவுவார். வீட்டில் நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை, என் கண் முன்னாலேயே ஒரு தரம் அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. இப்போதெல்லாம், "அந்தக் குழாயையும் கழட்டிக் கழுவிடுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

பட்டறையில் அவருக்குக் கலர் மாஸ்டர் என்று பெயர். வெயிலில் பத்து வருஷம் நின்று வெளுத்துப்போன கதவுக்கு, அதே வெளுப்பில் சாயம் கலந்து கொண்டுவந்து நிறுத்துவார். ஆனால் தன் கண்ணையே நம்ப மாட்டார். முதலில் ஒரு சின்னத் தகட்டில் அடித்து, காயவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் கை வைப்பார். டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை, அது நூறாவது டின்னாக இருந்தாலும், கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கே இது லேட்டாகத்தான் உறைத்தது.

சிறுநீரில் ரத்தம் போனதை இந்த மனுஷன் இரண்டு மாதம் என்னிடம் மறைத்தார். குளியலறைத் தரையில் நானே பார்த்துக் கேட்டபோது, "நேத்து பூரா சிவப்பு வண்டிதான் அடிச்சேன்" என்றார். துப்பாக்கியில் அடிக்கிற பெயிண்ட் அந்த வழியாகவா வரும்? கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ஆறே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

இரண்டாவது தடவையும் சுரண்டி எடுத்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"இனிமே ரெண்டு வழி இருக்கு. பைக்குள்ள மருந்து விட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். இல்லன்னா சிறுநீர்ப்பையையே எடுத்துட்டு, சிறுநீர் சேர வயித்துல வெளிப்பை மாட்டிவிடலாம். இப்போதைக்குக் கட்டி மேலாகத்தான் இருக்கு. ஆனா மைக்ராஸ்கோப்புல ஒரே மாதிரி தெரியற கட்டிகள்ல ஒண்ணு சாதுவா கிடக்கும், இன்னொண்ணு தசைக்குள்ள இறங்கிடும்."

"எது எப்படின்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"கட்டியில இருந்து செல்லு உதிர்ந்து சிறுநீர்ல வரும். அதுல மரபணு எங்கெங்க மாறியிருக்குன்னு ஒரு லேப்ல பாப்பாங்க. அந்த அடையாளங்களை வச்சு, இது எப்படி நடந்துக்கும்னு ஓரளவு கணிக்கலாம்."

"ஜோசியம் மாதிரியா?"

"ஜோசியம் இல்லம்மா. இதே நோய் வந்த நிறைய பேரை வருஷக்கணக்கா கவனிச்சு, யாருக்கு எந்த மாற்றம் இருந்துச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்னு சேர்த்துப் பாத்தது. சத்தியம் பண்ணிச் சொல்லாது. ஆனா முடிவெடுக்கக் கை கொடுக்கும்."

சிறுநீர் பிடித்துக் கொடுக்க லேபின் பாட்டில் ஒன்றையும் தந்தார். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிவான திரவம் இருந்தது. உதிர்ந்த செல் கெடாமல் காக்கிற மருந்தாம். அதைக் கொட்டக் கூடாது என்று சீட்டில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலை சிறுநீர் பிடித்து, மூடி இறுக்கி, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "உள்ள இருந்த மருந்து எங்கங்க? சாம்பிள் முழுக்கக் கெட்டுப்போச்சு."

அவரைக் கேட்டேன். "கழுவிட்டேன்" என்றார்.

"என்னது?"

"யார் யார் கை பட்டதோ. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் பிடிச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். புது பாட்டில் வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகுமாம். அந்த மூன்று வாரமும் என் வாய் ஓயவில்லை. துணி தைக்க வந்தவர்களிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "மரபணுவையே தேய்ச்சுக் கழுவிட்டார் எங்க வீட்டு மகராசன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டறை முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு லீவு சொல்லப் போன இடத்தில் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். அந்த ஆள் புருவத்தைச் சுருக்கினார்.

"யாரு, கலர் மாஸ்டரா? உள்ள சரக்கு இருக்கறதைக் கொட்டினாரா? போன மாசம் பெயிண்ட் இறுக ஊத்தற ஹார்ட்னர் அரை மூடி கூடிப்போச்சுன்னு என்னையே கிழிகிழின்னு கிழிச்சாரும்மா. அவர் காலி டின்னைத்தான் கழுவுவார். சரக்கு இருக்கற டின்னை, சீட்டைப் படிக்காம மூடியைக்கூடத் திறக்க மாட்டாரே."

திரும்பி நடந்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊர் பூரா சொல்லிச் சிரித்தேனே, என்னை மாதிரி முட்டாள் உண்டா!

வீட்டில் அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாட்டில் சீட்டைப் படிச்சீங்களா?"

நுரையை அலசிக்கொண்டே இருந்தார்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேன்."

"அப்புறம் எதுக்குக் கொட்டினீங்க?"

மறுபடி சோப்பை எடுத்தார். நான் குழாயை மூடினேன்.

"பையை எடுக்கணும்னு வந்துடுச்சுன்னா?" என்றார். "தெரியாம இருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கலாம்னு தோணுச்சு."

"வண்டின்னா தகட்டுல அடிச்சுப் பாக்காம கை வைக்க மாட்டீங்க. உங்க உடம்புக்கு மட்டும் குருட்டாம்போக்கா? மூணு வாரம் போச்சேய்யா!"

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கு மட்டும் என்ன ஜாலியாவா இருக்கு? நீங்க போய்ச் சேந்துட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

கோபத்தில்தான் அழுதேன். பயத்திலும்தான். அவர் ஈரக் கையோடு என் தோளைத் தொட்டார். ரவிக்கை நனைந்தது. அதற்கும் திட்டினேன்.

இரண்டாவது பாட்டில் வந்தபோது குளியலறை வாசலிலேயே நின்றேன். "கழுவலையே?" என்றேன். "கழுவலை, போடி" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

முடிவு நல்லதாக வரவில்லை. ஆழமாக இறங்குகிற வகை என்று காட்டுகிறது, இறங்குவதற்குள் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

"நிச்சயமா இறங்கும்கறீங்களா?" என்று கேட்டார் இவர்.

"நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. இறங்காமலும் இருக்கலாம்."

கண்ணாடி போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படித்தார். "தகட்டுல சரியா வராததை நான் வண்டியில அடிக்கறதில்லை. எடுத்துடுங்க டாக்டர்" என்றார். பிறகு, "முதல் பாட்டில் ஒழுங்கா வந்திருந்தா ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், இல்ல?" என்று கேட்டார்.

"அட, அது தெரியாம நடந்தது. விடுங்க" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"தெரியாம இல்லங்க. தெரிஞ்சேதான் கொட்டினேன்."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்த சிறுநீர்ப்பையைப் பரிசோதித்ததில், ஓர் இடத்தில் புற்று தசையின் ஓரம் வரை வந்திருந்தது. உள்ளே இறங்கவில்லை. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போது வயிற்றில் வெளிப்பை மாட்டியிருக்கிறது. நர்ஸ் ஒரு நாளைக்கு ஒரு தரம் சுற்றிலும் துடைக்கச் சொன்னாள். இவர் நாலு தரம் துடைக்கிறார். தோல் சிவந்துபோய், அதற்குத் தனியாக ஒரு களிம்பு வாங்கியிருக்கிறோம். நான் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டாலும் அதற்கு மேலே சிறுநீரகக் குழாயில் எங்காவது முளைக்கிறதா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அதே லேபுக்கு அதே மாதிரி பாட்டில் கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகான முதல் பாட்டில் போன வாரம் வந்தது. நான் மெஷினில் இருந்தேன். பட்டறையில் பெயிண்ட் படாமலிருக்க வண்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பை ஒரு நூல் அகலத்துக்குக் கிழித்து, உள்ளே மருந்து நிற்கிற மட்டத்தில் பாட்டிலைச் சுற்றி ஒட்டியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"நல்லா பாத்துக்கோ. கோட்டுக்கு ஒரு சொட்டு குறையலை."

மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய், குனிந்து பார்த்தேன். குறையவில்லை.