நெஞ்சில் பரவிய சூடு

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்த அக்கா, பதினைந்து வருடம் மோர்மன் என்கிற கிறிஸ்தவச் சபையில் இருந்துவிட்டு வெளியேறியவர். நெடுநெடுவென்ற உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. அந்தச் சபையில் கோப்பி குடிக்கக்கூடாது. அதற்குப் பழிவாங்குவதுபோல ஒவ்வொரு இடைவேளையிலும் பால் விடாத கோப்பியை நின்றபடியே குடிப்பார்.

ஒருநாள் வெங்காயம் வெட்டும்போது தன் கதையைச் சொன்னார். அகதி முகாமில் இருந்த காலத்தில், ஊரில் தம்பி செத்துப்போன செய்தி வந்ததாம். எந்தச் சாமியைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே அழுது கும்பிட்டபோது, நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவி மனம் அடங்கியதாம். பிறகு சந்தித்த சபை இளைஞர்கள் இருவர், தங்கள் வேதப்புத்தகம் உண்மை என்பதற்கு அந்தச் சூடே சாட்சி என்றார்களாம். நம்பி, ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார்.

ஆறுதல் சொல்வதாக நினைத்து நான், "அது வெறும் மனப்பிரமை அக்கா, விடுங்கோ" என்றேன்.

கத்தியைப் பலகையில் அடித்து வைத்தார்.

"அதைச் சொல்ல நீர் ஆர்? அவங்கள் அதைத் தங்கட சாட்சி எண்டு எடுத்துக்கொண்டாங்கள். சபையை விட்டிட்டு வந்தா, நீர் அப்பிடி ஒண்டுமே நடக்கேல்லை எண்டுறீர். தம்பி செத்த அண்டைக்கு என்னைத் தாங்கினது அதுதான். அது எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது. ஆனா பொய்யெண்டு மட்டும் சொல்லாதையும்!"

மன்னிப்புக் கேட்டேன். வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அந்த இளைஞர்களைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் குரல் அவ்வளவு உயரவில்லை. என்மேல்தான் அத்தனை கோபம். ஏனென்று இன்றைக்கும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது.