கோல்கீப்பருக்கு ஒரு பத்தி

கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்கப் போகிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆட்டம் தொடங்கிய நேரம், கோல் விழுந்த நிமிடம், மழைக்காக எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் என் நோட்டில் ஏறும். கோடைப் போட்டிகளை நடத்தும் குழுவினர் இதைப் பார்த்துவிட்டு என்னைத் தங்கள் பதிவாளனாக ஆக்கி, ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து கொடுத்தார்கள்.

எல்லோரும் கேலி செய்தது நோட்டில் கோடு போட்டுப் பிரித்த ஐந்தாவது பத்தியை. கோல்கீப்பராக நின்றது யார், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று அதில் எழுதுவேன். செய்தித்தாளில் கோல் போட்டவர் பெயர் வரும். தடுத்தவர் பெயர் வராது.

“கோல் போட்டவள எழுதுங்க அண்ணாச்சி. சும்மா நின்னவள எதுக்கு எழுதுதிய?” என்று ஒரு பயிற்சியாளர் கேட்டார்.

“நீங்க ஒரு நாள் சும்மா நின்னு பாருங்க,” என்றேன்.

நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நோட்டுகள் முழுவதையும் கணினியில் ஏற்றினேன். உடன் வேலை பார்த்தவரின் மகள் சென்னையில் மென்பொருள் எழுதுகிறாள். அவள்தான் தரவுத்தளமும் இணையதளமும் செய்து கொடுத்தாள். ஒருவர் பெயரைத் தேடினால் அவர் ஆடிய ஆட்டங்கள் ஒரு பக்கமாக வரும். அந்தப் பக்கத்து முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும் சி.எஸ்.வி. என்ற எழுத்துகளும் சேர்த்துத் தட்டினால், அதே பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பாக இறங்கும். எக்செலுக்கு உரிய எழுத்துகளைத் தட்டினால் எக்செலாக, பி.டி.எஃப். என்று தட்டினால் அச்சுத் தாளாக. ஒரே கம்பு, கேட்பவருக்கு ஏற்பக் கூழாகவும் சோறாகவும் வருவது போல.

எனக்கு சி.எஸ்.வி. மேல்தான் மரியாதை. எந்த அலங்காரமும் கிடையாது. எழுத்தும் காற்புள்ளியும் மட்டும். எந்த மென்பொருள் அழிந்தாலும் அது பிழைத்துக் கிடக்கும். மற்ற இரண்டையும் நான் தொட்டதே இல்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று பத்துக்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். எட்டயபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு பெண் நேரே கடைக்குள் வந்தாள். தலையெல்லாம் காற்றடித்த புழுதி. நான்கு கோடைகளாக எங்கள் போட்டியில் கோல்கீப்பராக நின்றவள். கவசம் இல்லாமல் பார்த்ததில் எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

“ஒங்க வீட்டுக்குப் போன் போட்டேன் சார், இங்கன இருப்பியன்னு சொன்னாவ,” என்றாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிச் சரிபார்ப்பில் தடை.

“டீமுல உள்ள ரெண்டு கோல்கீப்பருக்கும் ஒரே சர்ட்டிபிகேட்தான குடுப்பாவ. நான் நெசமா எறங்கி ஆடுனேனா, பெஞ்சுல இருந்தேனான்னு கேக்குதாவ. எந்த மேட்ச், என்ன ஸ்கோருன்னு எக்செல்ல ஒண்ணு, கையெழுத்துப் போட்டு பி.டி.எஃப்.ல ஒண்ணு. அஞ்சு மணிக்குள்ள போகணும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாவளாம்.”

கடைக்காரரின் கணினியில் அவள் பெயரைத் தேடி, வழக்கம்போல் சி.எஸ்.வி. என்று தட்டினேன். கோப்பு எக்செலில் திறந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பு முளைத்த அந்நிய எழுத்துகள். ஸ்கோர் பத்தி அதைவிட மோசம். 2-1 என்று முடிந்த ஆட்டத்துக்கு எதிரே ஜனவரி இரண்டு. 3-2 பிப்ரவரி மூன்று. எக்செல் கோல்களையெல்லாம் தேதிகள் என்று நினைத்துக்கொண்டது.

“சார், நான் ஜனவரில ஆடவே இல்லையே!” என்று பதறினாள்.

“அண்ணாச்சிக்குத்தான் தேதிப் பைத்தியம்னு பாத்தேன். கம்ப்யூட்டருக்கும் ஒட்டிக்கிட்டா?” என்றார் கடைக்காரர்.

மணி மூன்று முப்பத்தைந்து. இணையதளம் செய்து கொடுத்த சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அலுவலகக் கூட்டத்தில் இருந்தவள் ரகசியக் குரலில், “எக்செல் வேணும்னா எக்செல்லே கேளுங்க மாமா. ஸ்கோர் எழுத்தாவே நிக்கணும்னு அதுல சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள்.

முகவரியின் வாலை மட்டும் அழித்து மாற்றித் தட்டினேன். பெயர் நல்ல தமிழில் வந்தது. 2-1 மறுபடி 2-1 ஆனது. இன்னொரு முறை வாலை மாற்றினேன், பி.டி.எஃப். தாள் கோடு பிசகாமல் இறங்கியது. நூற்றாண்டு தாங்கும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு, ஐந்து மணி தாங்கும் கோப்பும் வேண்டும் என்று அன்று விளங்கியது.

அச்சடித்த தாளைக் கடைக்காரர் படித்தார். ஓர் அரையிறுதியில், மூன்றாம் கால்பகுதியின் நான்காவது நிமிடத்தில், முழங்காலில் அடிபட்டு அவள் வெளியே போனதும் மாற்று கோல்கீப்பர் இறங்கியதும் ஒரு வரியாக இருந்தது.

“இந்த வரிய மட்டும் தூக்கிருங்க அண்ணாச்சி. பெஞ்சானு கேக்குத எடத்துல இத எதுக்குக் காட்டணும்?”

நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள்: “இருக்கட்டும்ணே. நான் வெளிய வந்தது நெசந்தானே.”

கையெழுத்திட்டு, எப்போதும் பையில் இருக்கும் ஸ்டாம்பைக் குத்தி, ஸ்கேன் செய்து, இரண்டு கோப்புகளையும் நான்கு பத்துக்கு அனுப்பினோம். நான்கு நாற்பதுக்கு என் கைபேசி ஒலித்தது. சரிபார்க்கும் அதிகாரி, ஒரு பெண்.

“அரையிறுதியில கீப்பர் மாறினாங்கன்னு எழுதியிருக்கீங்க. மத்த மேட்ச்ல மாறலையா?”

“மாறியிருந்தா எழுதியிருப்பேன் மேடம்.”

 மறுமுனையில் சிரிப்பு கேட்டது. “மத்தவங்க அனுப்புற லிஸ்ட்ல யாருமே வெளிய போறதில்ல சார். இத நம்பலாம்.”

நான்கு ஐம்பதுக்கு மின்னஞ்சல் வந்தது: ஏற்கப்பட்டது. அந்தப் பெண் பந்து வரும்போது போடுகிற அதே சத்தத்தைப் போட்டாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரர் கடைப் பையன் இல்லாததால் தானே ஓடிப்போய்த் தேநீர் வாங்கி வந்தார். என் ஐந்தாவது பத்தியை அவர் அதற்குப் பிறகு கேலி செய்ததில்லை.

கிளம்பும்போது அவள் திரும்பி வந்தாள். “அந்தத் தப்பா வந்ததையும் ஒரு பிரிண்ட் குடுங்கண்ணே.”

“அது எதுக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

அவள் திரையைக் காட்டினாள். சைபராம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 1-0, 2-0 என்று முடிந்தவற்றை மட்டும் எக்செல் மாற்ற முடியாமல் விட்டிருந்தது.

“இதுல நான் கோல் விடாத மேட்ச் மட்டுந்தான் மேட்ச்சா நிக்கி. மத்ததெல்லாம் வெறும் தேதி.”

அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் அவள் ஒரு கோல் விட்டு 0-1 என்று தோற்ற ஓர் ஆட்டமும் மாறாமல்தான் நின்றது. அதை அவள் கவனிக்கவில்லை. ஒரு நிமிடப் பிசகைக்கூடத் திருத்தாமல் விடாத நான், அன்று ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.